தண்ணீருக்குள் கவ்வாத்து

1. லொறி திரும்பிப் போன காலை

பெட்டி மூடியைத் திறந்து பார்த்த லொறி முதலாளி கையைக்கூட உள்ளே விடவில்லை. மூடியை மறுபடி போட்டுவிட்டு, "மொகத மே, அக்கே? இது என்ன, பூனைக்கு போடவா?" என்று சிங்களமும் தமிழுமாகக் கேட்டார்.

அவர் கெட்டவர் இல்லை. பல வருஷமாக எங்களிடம் மீன் எடுத்தவர். ஹட்டன் கடைக்காரர்கள் உள்ளங்கை அளவு திலாப்பியாவைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்றார். இப்படியே போனால் வேறு நீர்த்தேக்கத்துக்கு லொறியைத் திருப்பிவிடுவேன் என்றும் சொன்னார். ஐஸ் கொண்டுவருவதும் அதே லொறிதான். ஐஸ் இல்லாத மீன் பக்கத்து ஊரான நோட்டன் பிரிட்ஜைக்கூடத் தாண்டாது. அன்றைக்கு அவர் வெறும் லொறியோடு போனார்.

நான் அப்போது மீன்பிடிச் சங்கத்தின் செயலாளர். இப்போது வேறொரு பிள்ளை அந்த நாற்காலியில் இருக்கிறாள். அவளுக்காகவும், அவளைப்போல் இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

தேயிலைத் தோட்டத்து ஆளுக்கு மீன் பிடிக்கத் தெரியுமா என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கரண்டுக்காக அணை கட்டி மறித்த தண்ணீர் அது. அது நிற்கும் இடத்தில் எங்கள் ஆட்களின் லய வீடுகளும் கோயிலும் இருந்தன. அதை முழுங்கிய தண்ணீரில் மீன் பிடிக்க எங்களுக்கு யாரிடமும் சான்றிதழ் தேவையில்லை. தோட்டத்தில் வாரத்துக்கு மூன்று நாள்கூட வேலை கொடுக்காத காலத்தில், எங்கள் சங்கத்துப் பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கு ஓடாமல் ஊரோடு இருந்தது இந்த மீனால்தான். லொறி நின்றால் அவர்களும் போய்விடுவார்கள். எனக்கிருந்த பயம் அதுதான்.

2. டோலர்

மீன் ஏன் சிறுத்தது என்று எல்லாருக்கும் தெரியும். வாயைத் திறந்து சொல்லத்தான் ஆள் இல்லை.

சிவலிங்கம் நீர்கொழும்பில் ட்ரோலர் படகில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவன். கடலில் ட்ரோலர் இழுக்கும் பை வலையைப் போலவே சின்னதாக ஒன்றைத் தைத்தான். அடியில் இரும்புச் சங்கிலி. இரண்டு பக்கமும் இரண்டு போட், சின்னப் படகுகள். அவனும் அவன் மச்சானும் துடுப்புப் போட்டு இழுத்தால் சங்கிலி அடிமண்ணைச் சுரண்டிக்கொண்டே வரும். அதன் மேலே இருக்கிற எதுவும் பைக்குள் போகும். அதை நாங்கள் டோலர் என்றே கூப்பிட்டோம்.

மற்றவர்கள் போடுவது கண் பெரிய செவுள் வலை. சாயந்தரம் விரித்துக் காலையில் எடுப்பார்கள். சின்ன மீன் கண்ணுக்குள் புகுந்து போய்விடும். டோலருக்குப் பெரிசு சின்னது என்ற பேதமே கிடையாது. அதைவிட மோசம், சிவலிங்கம் இழுத்தது ஓடை வந்து விழும் மூலையில். ஆழம் குறைந்த அந்த இடத்தில்தான் திலாப்பியா குழி பறித்து முட்டையிடும். தாய் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காப்பாற்றும். வலையைத் தூக்கினால் பயத்தில் துப்பிவிடும். அவன் போட்டின் அடியில் கடுகு கொட்டியதுபோல் குஞ்சு செத்துக் கிடந்ததை நானே பார்த்தேன்.

இறங்குதுறையில் வைத்துக் கேட்டேன். எனக்கு மெதுவாகப் பேச வராது. களவாணி என்றேன். அவன் வலையை உதறிக்கொண்டே சொன்னான்:

"களவா எடுக்குறேன்? பகல்ல, எல்லாரும் பாக்க எடுக்குறேன். இந்தத் தண்ணிய ஒங்க பேர்ல யாரு எழுதிக் குடுத்தா, அக்கா? தொரைமாருக தோட்டத்தயே சுரண்டித் தின்னப்ப ஒங்க சங்கம் எங்க போச்சு?"

அவன் கேட்டதில் பாதி நியாயம். அதனால்தான் எனக்குக் கோபம் இரண்டு மடங்கானது. அவன் மனைவி புஷ்பம் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள். மூன்று பிள்ளைகள். டோலர் நின்றால் அந்த வீட்டு அடுப்பில் என்ன வேகும்?

3. பலகை

மீன்பிடி அதிகாரி வந்தார். வவுனியாப் பக்கத்துத் தம்பி, நல்ல மாதிரி. ஓடை மூலையைக் கொஞ்ச காலம் மூட வேண்டும், குஞ்சு பெருகினால் முழு நீர்த்தேக்கமும் பிழைக்கும் என்றார். சரியான பேச்சு. அடுத்த வாரம் இரண்டு கம்பு நட்டு, 'தடைசெய்யப்பட்ட பகுதி. மீறினால் சட்ட நடவடிக்கை' என்று பலகை அடித்தோம்.

மறுநாள் கம்பு மட்டும் நின்றது. பலகை மேல் லயத்தில் ஒரு கோழிக்கூட்டுக்குக் கதவாகியிருந்தது. எழுத்து உள்பக்கம். கோழி படிக்கட்டும் என்றுதானாம்.

அதிகாரித் தம்பி மனம் உடைந்துபோனார். நான் உடையவில்லை. பிறந்ததிலிருந்து நாங்கள் பார்க்கிற பலகை எல்லாம் அப்படித்தான். பங்களா ரோட்டில் போகாதே. பெக்டரி வாசலில் நிற்காதே. காட்டில் விறகு பொறுக்காதே. அந்தப் பலகைகளின் எழுத்து ஒன்றுதான், பலன் எப்போதும் வேறு யாருக்கோதான். அவற்றை ஏய்த்துப் பிழைக்கப் பழகிய சனத்திடம் இன்னொரு பலகையைக் காட்டினால் கோழிக்கூடுதான் கட்டும்.

4. புஷ்பத்தின் வாய்

கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டோம். வலை சுத்தம் பண்ணுவது பெண்கள் என்பதால் அவர்களையும் வரச் சொன்னேன். சங்கத் தலைவருக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்காவிட்டால் போகட்டும்.

அதிகாரித் தம்பி இனப்பெருக்கம், வளங்குன்றா முகாமைத்துவம் என்று புத்தகத் தமிழில் பேசினார். பின்வரிசையில் சிலர் தூங்கினார்கள். சிவலிங்கம் கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தான். கடைசியில் புஷ்பம்தான் எழுந்தாள். நாள் முழுக்க மலையில் நின்று களைத்த முகம்.

"நானும் அப்பத்துலேர்ந்து பாக்குறேன். போவாத போவாதங்குறீங்க. அந்த மூலையில என்னா கவ்வாத்தா வெட்டி வச்சிருக்கு, போவாம இருக்க?"

மண்டபமே சிரித்தது. தூங்கியவர்கள் எழுந்து, என்ன என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். நானும் பதிலுக்குத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"ஆமா புள்ள. கவ்வாத்துதான்."

தேயிலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். செடி வயசானால் கொழுந்து குறையும். அப்போது மலை முழுவதையும் கத்தியால் தாழ வெட்டிவிடுவார்கள். அதுதான் கவ்வாத்து. பார்க்க எரிந்த காடு மாதிரி இருக்கும். மாதக்கணக்கில் அங்கே ஒருத்தியும் கூடையோடு போகமாட்டாள்.

நான் அவளையே கேட்டேன்: "கவ்வாத்து மலைக்கு நீ கூடையத் தூக்கிட்டுப் போவியா?"

"எனக்கென்னா கிறுக்கா? குச்சியப் புடுங்கவா?"

"துளிர் வருதே. அதப் பறிக்கலாமே."

"துளிரப் பறிச்சா செடி செத்துப்போவும். அது ஏறி, எல்லாம் ஒரே ஒசரத்துக்கு வந்துருச்சான்னு மட்டம் பாத்து, அப்பறந்தான் கை வைக்கணும்."

"யாரு சொல்றா? கங்காணியா, தொரையா?"

"யாரு சொல்லணும்? பாத்தா தெரியுதுல்ல."

சொல்லிவிட்டு நின்றாள். மண்டபத்தில் சிரிப்பு அடங்கியிருந்தது. ஆனால் புஷ்பம் சும்மா தலையாட்டிவிட்டுப் போகிற ஆள் இல்லை. "மலை கண்ணுக்குத் தெரியுது. இது தண்ணி. நீங்க சொல்றத நான் எத வச்சு நம்புறது?" என்றாள். நல்ல கேள்வி. அதோடு அன்றைக்குக் கூட்டம் கலைந்தது.

5. தண்ணீர் இறங்கிய ஞாயிறு

மின்நிலையத்துக்குத் தண்ணீர் எடுக்க எடுக்க நீர்மட்டம் இறங்கும். மழையில்லாத மாசியில் ஓடை மூலை பாதி வெளியே வரும். அந்தப் பக்கம் சேறு தெரிகிறது என்று கேள்விப்பட்டதும், ஞாயிற்றுக்கிழமை புஷ்பத்தையும் இன்னும் சில பெண்களையும் போட்டில் ஏற்றிக்கொண்டு போனேன்.

காய்ந்துகொண்டிருந்த சேற்றில் குழிகள். சோற்றுத் தட்டு அளவு, அச்சு வார்த்ததுபோல் வட்டம் வட்டமாக. மீன் வாலாலும் வாயாலும் பறித்தவை. அந்தக் குழிகளின் ஊடாக ரோடு போட்டதுபோல் நீளக் கோடு. சங்கிலி போன தடம். தடம் போன இடத்தில் குழி இல்லை, மண் வழுவழுவென்று கிடந்தது. கொஞ்சம் தள்ளி முழங்கால் ஆழத் தண்ணீரில் இன்னும் அழியாத குழிகள் தெரிந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு கறுத்த மீன் நின்று, பக்கத்தில் வருவதை விரட்டிக்கொண்டிருந்தது.

புஷ்பம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, சங்கிலித் தடத்திலேயே கடைசிவரை நடந்தாள். திரும்பி வந்ததும் போட்டை இறங்குதுறைக்கு விடச் சொன்னாள்.

இறங்குதுறையில் சிவலிங்கம் டோலரைக் காயப்போட்டுக்கொண்டிருந்தான். அத்தனை பேர் முன்னால் அவள் கேட்டாள்:

"ஏங்க, நீங்க கவ்வாத்து மலையிலயா இத்தன நாளா கொழுந்து எடுத்தீங்க?"

தோட்டத்தில் அதைவிடக் கேவலமான கேள்வி கிடையாது. அவன் மச்சான் சிரித்துவிட்டான். சிவலிங்கம் சிரிக்கவில்லை. வலையைச் சுருட்டினான். "அப்ப நான் என்னத்தப் பண்ண?" என்று அவளைக் கேட்காமல் என்னைக் கேட்டான்.

6. பை வலைக்கு வேறு வேலை

அந்தக் கேள்விக்குப் பதில் தேடாமல் தடை போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். நானும் அதிகாரித் தம்பியும் அன்று சாயந்தரம் முழுக்க அதைத்தான் பேசினோம். வெளியிலிருந்து வாங்கிவந்து தண்ணீரில் விடுகிற மீன்குஞ்சில் பெரும்பகுதியைப் பெரிய மீன் தின்றுவிடும். கொஞ்சம் வளர்த்து விட்டால் தப்பும். வளர்க்கக் கூடு வேண்டும். கூட்டுக்குக் கண் மிகச் சின்னதான வலை வேண்டும். அப்படிப்பட்ட வலையும் அதைத் தைக்கத் தெரிந்த கையும் எங்கள் ஊரில் ஒரே ஆளிடம்தான் இருந்தன.

சிவலிங்கம் டோலரை வெட்டிக் கூடு தைத்தான். குஞ்சு வளர்ப்பது அவன் வேலை, சங்கம் அதற்குக் கூலி கொடுக்கும் என்று முடிவானது. எல்லாம் உடனே சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். முதல் மழையில் அணையின் வான்கதவு திறந்தபோது ஒரு கூடு பிய்ந்து, குஞ்சு எல்லாம் போனது. அவன் என்னைத் திட்டிய திட்டை எழுத முடியாது. மறுவாரம் கூட்டுக்கு இரட்டைக் கயிறு கட்டினான். அக்கரைச் சிங்கள ஊரிலிருந்து இரண்டு போட் ஓடை மூலைக்கு வந்துகொண்டே இருந்தன. அவர்களோடு பேசப் போனது புஷ்பமும் சிவலிங்கமும்தான். நான் போனால் சண்டையாகும் என்று என்னை விட்டுவிட்டுப் போனார்கள்.

பலகை மறுபடி வைக்கவில்லை. எப்போது திறப்பது என்பதைச் சங்கமே கூடி, மீன் அளவு பார்த்து முடிவு செய்தது. அதற்கும் மட்டம் பார்க்கிறது என்றுதான் பெயர் வைத்தார்கள். இரண்டாவது வருஷம் செவுள் வலையில் கைக்கு அடங்காத மீன் விழ ஆரம்பித்தது. கொழும்புக்குப் போன பிள்ளைகளில் ஒருத்தன் திரும்பி வந்து போட் கேட்டான்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சனத்துக்கு அறிவில்லை, பேராசை என்று அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதாதீர்கள். விட்டுவைத்தால்தான் விளையும் என்பது இந்த மலையில் கூடை தூக்கிய ஒவ்வொருத்திக்கும் தெரியும். தடை என்ற சொல்லை எங்கள் மேல் ஏவித்தான் பழக்கம். கவ்வாத்து எங்கள் கை செய்கிற வேலை. எந்தச் சொல்லோடு போகிறீர்கள் என்பதைப் பார்த்துப் போங்கள்.

போன மாதம் இறங்குதுறைக்குச் சும்மா போயிருந்தேன். யாரோ புது ஆள் ஓடை மூலைப் பக்கம் போட்டைத் திருப்பினான். அக்கரைச் சிங்களக் கிழவர் ஒருவர் தன் வலையை விட்டுவிட்டு எழுந்து நின்று கத்தினார்:

"ஏய், கவ்வாத்துவட்ட யன்ன எப்பா!"

கவ்வாத்துக்குப் போகாதே என்று அர்த்தம். போட் திரும்பி வந்தது.