ஆளுக்கு ஒரு காது

புதுப் படத்தின் பாட்டுகள் வெள்ளிக்கிழமை வெளிவந்தால், திங்கட்கிழமை காலை ரயில் ஏறும்வரை நான் அவற்றைக் கேட்பதில்லை. டிவியில் விளம்பரத்துக்கு நாலு வரி ஓடினால்கூட எழுந்து சமையலறைக்குப் போய் மிக்ஸியைப் போட்டுவிடுவேன். "விரதமா?" என்று என் கணவர் கேலி செய்வார். விரதம்தான். ஒரு ஆல்பத்தை முதல் தடவை கேட்பது ஒரே ஒரு தடவைதான் நடக்கும், அதை வெங்காயம் நறுக்கிக்கொண்டே செய்ய எனக்கு மனசு வராது.

இந்த விரதத்துக்கு ஒரு கூட்டாளி உண்டு. நான் செம்பூரில் ஏறி கடைசி ஸ்டேஷனான சி.எஸ்.எம்.டி. வரை போகிறவள், அங்கே ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. என் தோழி இரண்டு ஸ்டேஷன் முன்னால் மான்குர்தில் ஏறி, எனக்கு ஒரு ஸ்டேஷன் முன்னால் மஸ்ஜித்தில் இறங்குவாள். அங்கே மொத்தக் கடை ஒன்றில் முந்திரி, பாதாம் தரம் பிரித்துப் பாக்கெட் போடுகிறாள். தாராவியில் பிறந்து வளர்ந்து கல்யாணமாகி மான்குர்துக்குப் போனவள். ஐந்து வருடத்துக்கு முன் லேடீஸ் பெட்டியில் அவள் இயர்ஃபோனிலிருந்து கசிந்த தமிழ்ப் பாட்டைக் கேட்டு, "இது ரொம்ப சுமார்" என்று நானாகப் போய்ச் சொன்னேன். "உங்கள யாரு கேட்டா?" என்றாள். அப்படி ஆரம்பித்த சிநேகம்.

மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் நாலாவதாக ஒண்டிக்கொள்ளும் இடத்துக்கு இந்த ஊரில் 'ஃபோர்த் சீட்' என்று பெயர். அதை எனக்காகப் பையை வைத்துப் பிடித்து வைப்பாள். அவளுடைய போன், அவளுடைய இயர்ஃபோன். இடது பக்க வயர் அவளுக்கு, வலது பக்க வயர் எனக்கு. வரிசையாகக் கேட்க வேண்டும், தாண்டக் கூடாது, நடுவில் பேசக் கூடாது. ஒரு படத்துக்கு இப்போதெல்லாம் ஆறு பாட்டு, மஸ்ஜித் வருவதற்குள் முடிந்துவிடும்.

மஸ்ஜித்துக்கு முந்தைய சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு தாண்டியதும் தீர்ப்பு. நான் மாதுங்காவில் வளர்ந்தவள், எட்டு வருடம் பாட்டு கிளாஸ் போனவள், எந்த ராகம் என்று பிடிபடும்வரை எனக்கு இருப்புக்கொள்ளாது. கண்ணை மூடி ராகத்தைத் தேடுவேன். அவள் முழங்கையால் இடிப்பாள். "பேரு தேடாதீயக்கா. அது யாரு பெத்த புள்ளையோ." அவளிடம் மூன்றே தீர்ப்புகள்தான்: கேக்கலாம், கேக்காண்டாம், மறுக்கா கேக்கணும்.

நிறைய சண்டை போட்டிருக்கிறோம். நான் குழலைப் புகழ்ந்தால், அந்தப் பாட்டில் குழலே கிடையாது என்பாள். அவள் உயிரை விட்டுச் சொல்லும் உடுக்கை எனக்குக் கேட்டதே இல்லை. ஆளுக்கு ஒரு ரசனை என்று விட்டுவிடுவோம். அவளுக்குப் பாட்டுக் கேட்கும் காது போதாது என்று உள்ளுக்குள் ஒரு எண்ணமும் எனக்கு இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவள் வீடு ஒரே அறை. மாமியாருக்கு சீரியல், வீட்டுக்குள் நுழைந்ததும் போன் மகன் கைக்குப் போய்விடும். அவள் நிம்மதியாகப் பாட்டுக் கேட்பது அந்த ரயிலில் மட்டும்தான். இது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

போன மழைக்காலத்தில் ஒரு படத்தின் பாட்டுகள் வந்தன. நாங்கள் இருவரும் மாதக்கணக்காகக் காத்திருந்த இசையமைப்பாளர். ஞாயிற்றுக்கிழமை என் கணவர் அணுசக்தி நகரில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போயிருந்தார். வெளியே மழை, வீட்டில் யாருமில்லை, மேஜைமேல் சின்ன ஸ்பீக்கர். முதல் பாட்டு மட்டும் என்று போட்டேன். மாலைக்குள் ஆறு பாட்டையும் மூன்று தடவை கேட்டாகிவிட்டது. நாலாவது பாட்டு சப்பென்று இருக்கிறது என்று தீர்ப்பும் எழுதிவிட்டேன்.

மறுநாள் ஒன்றும் தெரியாதவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஃபோர்த் சீட்டில் உட்கார்ந்தேன். இரண்டு பாட்டு நல்லபடியாகப் போயிற்று. மூன்றாவது பாட்டின் நடுவில் எல்லாம் சட்டென்று நின்றுவிடும். நெட்வொர்க் போய்விட்டது என்றுதான் புதிதாகக் கேட்கிறவர்கள் நினைப்பார்கள். பிறகு தவில் ஒன்று இடித்துக்கொண்டு நுழையும். அது நுழைந்த அதே நொடியில் என் விரல்களும் டிபன் பைமேல் தட்டின. அவள் என் விரல்களைப் பார்த்தாள். பாட்டை நிறுத்தினாள்.

"நேத்தே கேட்டுட்டீய."

"ஆமா. வீட்ல யாரும் இல்ல. பொறுக்க முடியல" என்றேன்.

தன் காதிலிருந்த வயரைக் கழற்றினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "டிவில அந்தப் பாட்டு வந்தாலே நான் மூணு நாளா காதப் பொத்திக்கிட்டு வாசல்ல போய் நிக்கேன். ஏக்தம் பாகல், சுத்தப் பைத்தியம்னு எம் மவன் சிரிக்கான்."

வெட்கமாக இருந்தது. நாளையிலிருந்து வேறு பெட்டியில் ஏறிக்கொள்வாள் என்று நினைத்தேன்.

அவள் கையை நீட்டினாள். "அந்த வயர இங்க குடுங்க. கேட்டவுக சும்மா இரிங்க. நான் கேக்கேன்."

இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு மூன்றாவது பாட்டை ஆரம்பத்திலிருந்து வைத்தாள். கொஞ்ச நேரத்தில் யாரோ கூப்பிட்ட மாதிரி தலையை வலது பக்கம் திருப்பினாள். அங்கே யாருமில்லை. "அக்கா, இந்தப் பக்கமும் வாசிக்காவ" என்றாள். காது இரண்டும் அடைத்திருந்ததால் அவள் குரல் பெட்டி முழுக்கக் கேட்டது. ஒரு மராத்திப் பாட்டி நிமிர்ந்து பார்த்தார்.

"குழலுக்கா. நீங்க சொன்ன குழல்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இடது வயரில் வருவது வேறு, வலது வயரில் வருவது வேறு. ஐந்து வருடமாக ஆளுக்குப் பாதிப் பாட்டைக் கேட்டுவிட்டு முழுப் பாட்டுக்கும் சண்டை போட்டிருக்கிறோம். எட்டு வருடம் கிளாஸ் போன எனக்கு இது தோன்றவே இல்லை.

எனக்குக் கேட்க ஒன்றுமில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டுகள் மனப்பாடம் என்பதால், பாட்டு எந்த இடத்தில் இருக்கிறது என்று அவள் முகத்தை வைத்தே தெரிந்தது. தவில் வரும் இடத்தில் உதட்டைக் கடித்துச் சிரித்தாள். நான் சப்பென்று ஒதுக்கிய நாலாவது பாட்டில் அவள் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. எந்த வரி அவளை அப்படிச் செய்தது என்று மனசுக்குள் பாடிப் பாடிப் பார்த்தேன். வடாலா, சிவ்ரி எல்லாம் போனதே தெரியவில்லை.

சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு தாண்டியதும் வயர்களைக் கழற்றினாள். "மறுக்கா கேக்கணும்" என்றாள்.

"அடுத்த படம் வந்தா?" என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"பாக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மஸ்ஜித்தில் இறங்கிப் போனாள். அதற்குப் பிறகும் இடம் பிடித்து வைத்தாள், பழைய பாட்டுகளை ஆளுக்கு ஒரு காதாகக் கேட்டோம். ஆனால் புதுப் படம் பற்றி இருவருமே பேச்செடுக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அடுத்த ஆல்பம் வந்தது. நான் சத்தியமாகக் கேட்கவில்லை. திங்கட்கிழமை ஏறியபோது ஃபோர்த் சீட்டில் அவள் பை இருந்தது. உட்கார்ந்ததும் இரண்டு வயரையும் என் கையில் வைத்தாள்.

"நான் காலையிலேயே கேட்டுட்டேன். தண்ணி புடிக்கையில, மவன் எந்திரிக்க முன்ன."

"பழிக்குப் பழியா?"

"பழி என்னக்கா. அன்னைக்கு எம் மூஞ்சியவே பாத்துக்கிட்டு வந்தீயல்லா. அப்படி என்னதான் தெரியும்னு நானும் பாக்கணும்லா. முழுசா கேளுங்க."

குழாயடியில், குடம் நிரம்பும் சத்தத்துக்கு நடுவே, தன் முதல் தடவையைச் செலவழித்துவிட்டு வந்திருக்கிறாள். இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டேன். அவள் திரும்பி உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தாள். முதல் பாட்டில் கூச்சமாக இருந்தது. இரண்டாவதில் மறந்துவிட்டது. ஐந்தாவது பாட்டில் ஒரு பெண் தாழ்ந்த குரலில் ஆரம்பித்தாள், அதற்கு இடது பக்கத்தில், மிக அருகில், ஒரு உடுக்கை பேசியது. அவள் இத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருந்த உடுக்கை. அதன் பிறகு எந்த ஸ்டேஷன் வந்தது, யார் ஏறினார்கள் என்று எனக்குத் தெரியாது.

மஸ்ஜித்தில் அவள் எழுந்தபோது வயர்களைக் கழற்றிக் கொடுத்தேன். "என்ன தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"அஞ்சாவது பாட்டுல நீங்க பேரு தேடல" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தோடு இறங்கிப் போனாள்.

அந்தப் பாட்டு என்ன ராகம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.