கட்டிய படகில் வராத கோளாறு

படகுத்துறையில் அவருக்குப் பெயர் சந்தேகம். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவார். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். "இழுத்து இழுத்தே அது ஒருநாள் கையோட வந்துடப்போகுது" என்பாள் மனைவி.

படகுகளில் இருக்கும் ஜெனரேட்டர்களைப் பழுது பார்ப்பது அவர் வேலை. ஆனால் கயிறு அவிழ்த்த படகில் அவர் கால் வைத்ததில்லை. படகு நகர்ந்தாலே வயிறு புரண்டுவிடும். துறையில் கட்டிக்கிடக்கும்போதே எல்லா வேலையையும் முடித்துவிட்டுக் கரையேறிவிடுவார். படகோட்டியான அக்கா புருஷன் மட்டும் இதைச் சொல்லிக் காட்டாமல் இருக்க மாட்டார். "நம்ம மாப்ள மாதிரி நனையாம நீச்சல் அடிக்கிறவன் யாரும் கிடையாது."

அந்த மாமாவும் அக்காவும் ஓட்டுகிற பயணிகள் படகில்தான் கோளாறு. பறவைகள் அடையும் பாறையைச் சுற்றிக் காட்டிவிட்டு வரும் படகு அது. கீழே அக்காவின் சமையலறை. அங்கிருக்கும் குளிர்பெட்டி, மேலே மின்விசிறி, விளக்கு எல்லாமே ஜெனரேட்டரை நம்பித்தான். கொஞ்ச நாளாக அது நடுக்கடலில் சூடேறி நின்றுவிடுகிறது. பயணிகளை அனுப்புகிற ஏஜென்ட் இரண்டு தடவை பொறுத்துக்கொண்டார். இந்த முறை தானே கூட வருவதாகச் சொல்லிவிட்டார். இன்னொரு தரம் நின்றால் ஆட்களை வேறு படகுக்குத் திருப்பிவிடுவார்.

ஜெனரேட்டரின் சூடு தணியக் கடல் தண்ணீர் வேண்டும். படகின் வலது விலாவில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு துவாரம் உண்டு. அதன் மேல் பித்தளை வலை. அந்த வழியாகப் பம்பு தண்ணீரை இழுத்து எஞ்சினுக்கு அனுப்பும். அது புகையோடு சேர்ந்து பின்பக்கக் குழாயில் வெளியே வந்து விழும். சந்தேகம் வால்வைத் திறந்து பார்த்தார், சரியாக இருந்தது. வடிகட்டியைக் கழுவினார். குழாய்களை ஊதினார். பம்புக்குள் சுற்றுகிற ரப்பர் சக்கரம் மட்டும் ஒவ்வொரு தடவையும் இறகு தீய்ந்து கிடந்தது. புதிது போட்டார். துறையில் கட்டிவைத்து ஓட்டிப் பார்த்தால் காலை முழுக்கப் பின்குழாயில் தண்ணீர் கொட்டியது. கடலுக்குப் போனால் மறுபடி தீய்ந்தது. ரப்பர் மட்டமோ என்று கடையை மாற்றினார். அந்தக் கடைச் சரக்கும் தீய்ந்தது. தண்ணீர் இல்லாமல் சுற்றினால்தான் அப்படித் தீயும். தண்ணீருக்கு நடுவில் மிதக்கிற படகில் தண்ணீர் எங்கே போகும்? எதைப் பிடித்தாலும் அது சரியாகத்தான் இருந்தது. அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றுக் கையோடு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற மெக்கானிக்கைக் கூப்பிடவா தம்பி?" என்று அக்கா மெதுவாகத்தான் கேட்டாள். அது அவருக்குச் சுருக்கென்றது.

"நானே கூட வரேன்க்கா."

அக்கா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "நீயா?"

"மாப்ள, மேல் தளத்துல மட்டும் வேணாம்" என்றார் மாமா. "பயணிங்க இருப்பாங்க."

படகு கிளம்பியபோது அவர் பின்பக்கத்தில், குழாயைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார். தண்ணீர் ஒழுங்காக விழுந்தது. வயிறுதான் ஒழுங்காக இல்லை. ஏஜென்ட் வந்து எட்டிப் பார்த்தார்.

"ஓடுதா?"

"ஓடுது."

"நடுவுல நிக்காதுல்ல?"

"தெரியலைங்க."

நல்ல மெக்கானிக்கைத்தான் வைத்திருக்கிறார்கள் என்பது போல ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏஜென்ட் மேலே போனார்.

பாறை இடது பக்கம் வந்தது. பறவைகள் ஒன்றாகக் கிளம்பின. பயணிகள் எல்லோரும் போனைத் தூக்கிக்கொண்டு இடது பக்கக் கம்பிக்கு ஓடினார்கள். படகு அந்தப் பக்கம் சாய்ந்தது. சந்தேகத்துக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. யாரும் பார்க்க வேண்டாமென்று ஆளில்லாத வலது பக்கம் போய், கம்பிக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தார்.

பின்னாலிருந்து சத்தம் மாறியது. குழாய் ஈரமில்லாமல் வறட்டென்று இருமியது. அவர் கண்ணைத் துடைத்தார். தலையைத் தூக்கப் பலமில்லை. அதனால் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதும் தண்ணீருக்குள் கிடக்கிற சிவப்புச் சாயம் வெளியே தெரிந்தது. அதில் பித்தளை வலை. அலை ஏறினால் மூழ்கியது, இறங்கினால் கொர்ரென்று காற்றைக் குடித்தது.

அவர் விழித்தார். ஆள் கூட்டம் முன்பும் இப்படி இடது பக்கம் ஓடியிருக்குமே? அப்போதெல்லாம் நிற்காதது இப்போது ஏன் நிற்கிறது? உடனே சமையலறை ஞாபகம் வந்தது. புது அடுப்பு மேஜைக்கு இடம் வேண்டுமென்று அக்கா குடிதண்ணீர்த் தொட்டியை வலது பக்கத்திலிருந்து இடது பக்கம் மாற்றினாள். அதன் ஒரு முனையைப் பிடித்தது அவரேதான். படகு அன்றிலிருந்தே ஒருக்களித்துத்தான் ஓடுகிறது. கட்டிக்கிடக்கும்போது கண்ணுக்குத் தெரியாத சாய்வு. கூட்டமும் அதே பக்கம் சேர்ந்தால்தான் வலை வெளியே வரும். இதுதானா? இதுவாகவே இருக்குமா?

கேட்டுக்கொண்டு நிற்க நேரமில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மாமாவிடம் போனார்.

"மாமா, அவங்களை எல்லாம் இந்தப் பக்கம் வரச் சொல்லுங்க."

"இந்தப் பக்கம் என்ன இருக்கு? வெறும் தண்ணி. நீ வேற அலங்காரம் பண்ணி வச்சிருக்க."

"அப்ப படகைத் திருப்புங்க. பாறை வலது பக்கம் வரட்டும்."

மாமா அவர் முகத்தைப் பார்த்தார். கேலி எதுவும் சொல்லாமல் சுக்கானைச் சுற்றினார். பாறை மறுபக்கம் வந்தது. கூட்டம் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு வலது பக்கம் பாய்ந்தது. படகு மெல்லச் சாய்ந்தது, சிவப்புச் சாயம் தண்ணீருக்குள் இறங்கியது. சந்தேகம் பின்பக்கம் ஓடினார். குழாய் இரண்டு தரம் புகையைத் துப்பியது. பிறகு தண்ணீரைத் துப்பியது.

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. ஏஜென்ட்டும் பறவைகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. துறையில் இறங்கும்போது, "அடுத்த வாரமும் ஆள் அனுப்புறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

தொட்டி பழைய இடத்துக்குப் போனது. மேஜை இடது பக்கம் போனது. அதை நகர்த்திக்கொண்டே அக்கா கேட்டாள். "அப்ப இதுதான் கோளாறா தம்பி?"

"இதுவாத்தான் இருக்கணும்."

"இருக்கணும்னா?"

"கட்டிப்போட்டு ஓட்டுனா எப்பவுமே சரியாத்தான்க்கா ஓடுது. இங்க பார்த்து என்ன தெரியும்?"

அடுத்த பயணத்துக்கு மாமா கயிற்றை அவிழ்த்தபோது சந்தேகம் பின்பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. முகம் இப்போதே வெளிறிவிட்டது. கண் மட்டும் குழாயை விட்டு நகரவில்லை.