சித்தியின் கொரியச் சொல்

எங்கள் வீட்டில் வயதுக்கு வந்த பெண் தனியாக வெளியூர் போகக்கூடாது. துணைக்கு ஒரு பிள்ளையை அனுப்புவார்கள். பத்து வயதுப் பிள்ளை யாரைக் காப்பாற்றும்? காப்பாற்ற அல்ல, வேவு பார்க்கத்தான். திரும்பி வந்ததும் விசாரணை நடக்கும். அந்தக் கேவலமான வேலையை நானும் செய்திருக்கிறேன்.

சித்தி போனை வைத்தே கொரிய மொழி கற்றவள். வகுப்பும் கிடையாது, வாத்தியாரும் கிடையாது. கொரியத் தொழிற்சாலை ஒன்றில் மொழிபெயர்க்க ஆள் எடுத்தார்கள். சிதம்பரத்தில் நேர்காணல். மாமா, அதாவது அவளுடைய அண்ணன், என்னைத் துணைக்கு அனுப்பினார்.

பஸ் புதுச்சத்திரம் தாண்டியதும் சித்தியின் துப்பட்டாவிலேயே வாந்தி எடுத்துவிட்டேன். அவள் திட்டவில்லை. "க்வென்சனா?" என்று கேட்டு என் வாயைத் துடைத்துவிட்டாள்.

அலசிய ஈரத் துப்பட்டாவோடுதான் நேர்காணலுக்குப் போனாள். எதிரே இருந்த கொரியாக்காரர் அதைப் பார்த்துவிட்டு அதே சொல்லைக் கேட்டார். இவளும் அதையே பதிலாகச் சொல்லி, என்னைக் காட்டி ஏதோ விளக்கினாள். இருவரும் சிரித்தார்கள். பிறகு அரைமணி நேரம் ஒரு இடத்திலும் தடுமாறாமல் பேசினாள். வேலை கிடைத்தது.

திரும்பும் பஸ்ஸில், "அது என்ன வார்த்த சித்தி?" என்றேன்.

"வுழுந்தவங்கள 'நல்லாருக்கியா'ன்னு கேக்கவும் அதான். 'பரவால்ல'ன்னு பதில் சொல்லவும் அதான். இன்னொரு தோச வைக்க வந்தா, 'போதும், வேணாம்'ங்கறதுக்கும் அதான். ஆளு மோசமில்லன்னு சொல்லவும் அதான். பெரியவங்கன்னா பின்னாடி ஒரு 'யோ' சேக்கணும்."

"மாமாவ 'யோ'ன்னா ஒத வுழும்."

"அங்க அதுதான்டி மரியாத!"

கடலூர் வரும்வரை என்னைச் சொல்லவைத்துத் திருத்திக்கொண்டே வந்தாள்.

வீட்டில் மாமா காத்திருந்தார். "அங்க யாரு இருந்தாங்க? உங்க சித்தி என்னா பேசுனா?"

"ஒரு கொரியாக்காரரு. சித்தியும் அவரும் சிரிச்சிச் சிரிச்சிப் பேசுனாங்க மாமா."

மாமாவின் முகம் கறுத்தது. "வேலையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். வூட்ல கெட."

"ஆமாண்ணே, சிரிச்சேன். புள்ள பொய் சொல்லல. திங்கக்கெழம வேலைக்குப் போறேன்" என்றாள் சித்தி.

சொன்னபடி போனாள். மாமா இரண்டு வருடம் அவளிடம் பேசவில்லை. ஏன் சொன்னாய் என்று அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விசாரணை நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் அவளும் அத்தைமார்களுக்குத் துணை போனவள்தான். நான் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிவைக்க பஸ்ஸில் முழுதாக ஒரு மணி நேரம் இருந்தது. ஏன் சொல்லிவைக்கவில்லை என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. என்னைப் பொய் சொல்லப் பழக்கக்கூடாது என்றுதான் அந்த நேரம் முழுதும் 'க்வென்சனா' சொல்லிக்கொடுத்தாள்.