மூன்றாம் விசிறியின் பூட்டு

மார்ச் 12, வியாழன். இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். செய்யாத வேலைக்கு டிக் போட்டேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். இதைக் கட்டுக்கதை என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். எனக்கே என் மேல் நம்பிக்கை குறைவுதான். வீட்டைப் பூட்டினேனா என்று மூன்று முறை திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பவன் நான். ஆனால் இதிலுள்ள நேரங்களை என் செல்போனைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறேன். எல்லாம் நடந்தவை.

பகலில் நான் ஒரு கல்லூரியின் கட்டுப்பாட்டு அறையில் உதவியாளர். அங்கே ஏசி, ஹீட்டர், கதவுகள், விசிறிகள் எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில் ஓடும். மாலையில் அதே கல்லூரியில் நெட்வொர்க் பாதுகாப்பு படிக்கிறேன். வகுப்பில் கற்றதை வைத்து, வெளியாள் யாரும் எங்கள் சிஸ்டத்துக்குள் நுழையாமலிருக்க பதினெட்டு வேலைகள் கொண்ட பட்டியல் ஒன்று போட்டிருந்தேன். பதினொன்றாவது, இப்போது வேலையில் இல்லாதவர்களின் கணக்குகளை நீக்குவது. ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. 'பெல்ட் அண்ணன்' கணக்கு.

எனக்கு முன்பு இருந்த டெக்னீஷியன் அவர். பெரிய விசிறிகளைச் சுழற்றும் ரப்பர் பெல்ட் ஒன்றை எப்போதும் தோளில் மாட்டிக்கொண்டு திரிவாராம், அதனால் அந்தப் பெயர். இறந்து இரண்டு வருடமாகிறது. எப்படி இறந்தார் என்று கேட்டால் எல்லோரும் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

மணி 5:56. வகுப்புக்கு நேரமாகிவிட்டது. வந்து நீக்கிக்கொள்ளலாம் என்று டிக் போட்டுவிட்டு ஓடினேன்.

7:04. வகுப்பில் ஏசி நின்றது. மேலேயிருந்து சூடான காற்று கொட்டியது.

"கட்டுப்பாட்டு அறை துரையே, எங்களை அவிச்சுத் திங்கப் போறீங்களா?" என்றார் வாத்தியார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

7:06. அக்காவின் போன். என் அக்கா மூன்றாம் மாடி வேதியியல் லேபில் உதவியாளர். எனக்கு இந்த வேலையை வாங்கித் தந்தவள் அவள்தான்.

"டேய், லேப் கதவுக்குப் பைத்தியம் புடிச்சிருக்குடா. தானா திறக்குது, தானா சாத்துது."

"கிட்டப் போகாத."

"உனக்கென்ன, என் பை வெளியில கெடக்கு. ஒரே தாவு தாவி..."

டமார்.

அக்காவின் அலறலைக் கேட்டுக்கொண்டே ஓடினேன்.

7:09. கட்டுப்பாட்டு அறை. நாற்காலியில் யாருமில்லை. திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்துகொண்டிருந்தது. ஹீட்டர் முழு வேகத்தில். லேபின் நச்சுக்காற்றை வெளியேற்றும் ஒன்றாம், இரண்டாம் விசிறிகள் நிறுத்தம். திரையின் மூலையில், உள்ளே நுழைந்திருப்பவர் பெயர்: பெல்ட் அண்ணன்.

அப்போது எனக்குப் பேய் ஞாபகமே வரவில்லை. எவனோ ஒருவன் வெளியிலிருந்து அந்தக் கணக்கு வழியாக நுழைந்திருக்கிறான். என் டிக்.

நெட்வொர்க் வயரைப் பிடுங்கினேன். அம்புக்குறி நின்றது. ஆனால் அவன் மாற்றி வைத்தது எதுவும் மாறவில்லை. நான் என்ன அழுத்தினாலும் திரை அசையவில்லை.

7:13. மறுபடி அக்கா. அவளை உள்ளே வைத்துக் கதவு இறுக மூடிக்கொண்டுவிட்டது. வாட்ச்மேன் வெளியிலிருந்து கடப்பாரையால் நெம்பியபோது கதவு உதைத்து அவர் மணிக்கட்டு முறிந்துவிட்டது.

"சூட்டுல பாட்டிலெல்லாம் வெடிக்குதுடா... மூச்சு முட்டுது... ரெண்டு விரல் தொங்குது... நான் பாக்கல, பாக்க மாட்டேன்..."

ஒரே வழிதான் இருந்தது. அதே லேபின் காற்றை இழுக்கும் மூன்றாம் விசிறி, அடித்தள இயந்திர அறையில், ஆள் இறங்கும் அளவுள்ள தகரப் பெட்டிக்குள் இருக்கிறது. கம்ப்யூட்டர் இல்லாமலே கையால் போடும் சுவிட்ச் அதற்கு உண்டு.

எங்கள் வேலையில் ஒரு விதி. விசிறிப் பெட்டிக்குள் இறங்குபவர் தன் சொந்தப் பூட்டை சுவிட்சில் மாட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். ஒரு பூட்டு, ஒரு சாவி. பூட்டு தொங்கினால் சுவிட்சைப் போட முடியாது, உள்ளே ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். பூட்டியவர்தான் அதைத் திறக்க வேண்டும்.

7:18. இயந்திர அறை. சுவிட்சில் பூட்டு இல்லை. பூட்டு மாட்டும் துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். மூன்று முறை.

கைப்பிடியைப் பிடித்தேன்.

டொக்... டொக்... டொக்...

பெட்டிக்கு உள்ளேயிருந்து.

"தம்பி... போடாத."



"யாரு?"

"பெல்ட் மாத்திக்கிட்டிருக்கேன். ரெண்டே நிமிஷம்."

போனில் அக்கா இருமினாள். இருமினாள். பிறகு இருமல் நின்றது.

"வெளிய வாங்க! எங்கக்கா செத்துருவா!"

"பூட்டு இருக்குல்ல?"

"இல்ல!"

"போட்டேனே... போட்டுட்டுத்தானே இறங்குனேன்... யாரு எடுத்தா?"

7:21.

சுவிட்சைப் போட்டேன்.

மோட்டார் உறுமியது. கூடவே ஒரு அலறல். தகரம் உள்ளிருந்து வெளிப்பக்கமாகப் புடைத்தது. ஒரு தோள் அளவு. ஒரு தலை அளவு. தட்... தட்... தட்... ஈரமான சத்தம்.

பிறகு...

விசிறி சீராக ஓடியது.

மார்ச் 13, வெள்ளி. அக்கா பிழைத்துவிட்டாள். இரண்டு விரல்கள் போய்விட்டன.

காலையில் மேனேஜருடன் இயந்திர அறைக்குப் போனேன். மூன்றாம் விசிறி நின்றிருந்தது. நான் நிறுத்தவில்லை. சுவிட்சில் ஒரு பூட்டு தொங்கியது. அதில் ஒரு மஞ்சள் அட்டை. பேனாவால் எழுதியிருந்தது: 'உள்ளே இருக்கிறேன். மார்ச் 12. 7:21.'

மேனேஜர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அவன் கையெழுத்துடா இது..."

"யாரோடது சார்?"

"பெல்ட் அண்ணனோடது. வீட்டுக்குப் போயிட்டான், பூட்டை மறந்துட்டான்னு நினைச்சேன்டா. உள்ள எட்டிப் பாக்கல. கட்டர் எடுத்து வெட்டிட்டு விசிறியைப் போட்டுட்டேன். ரெண்டு வருஷம் முன்னாடி, இதே மார்ச் 12, ராத்திரி 7:21."

வெட்டிய பூட்டை இரண்டு துண்டுகளாகத் தன் மேசை டிராயரில் வைத்திருப்பதாகச் சொன்னார். மேலே போய்த் திறந்து பார்த்தோம்.

டிராயர் காலி.

மறுபடி கீழே வந்தோம். பூட்டு முழுசாக இருந்தது. வெட்டிய தடமே இல்லை. பெட்டியைத் திறக்க இருவரில் யாருக்கும் கை வரவில்லை. கதவருகே நின்று மேனேஜர் சொன்னார், "நாளைக்கு நீ பாத்துடு."

நாளை, சனி. 8:30: பெல்ட் அண்ணன் கணக்கை நீக்க வேண்டும். 9:00: மூன்றாம் விசிறிப் பெட்டியைத் திறந்து, உள்ளே ஆள் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். பார்த்த பிறகே பூட்டை வெட்ட வேண்டும். அதற்குப் பிறகே டிக்.