செல்லியை வாங்கிக்கொண்ட தெப்பம்

இது கதை இல்லை. நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு வருத்தமில்லை. என் குழந்தையை என் கையாலேயே தூக்கிக் கொடுத்தவன் நான். இதில் பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது?

1966. திருமுக்கூடலுக்குக் கீழே பாலாற்று நடுவில் ஒரு சின்னத் திட்டு. பத்து குடிசை, கொஞ்சம் பனை, சுற்றிலும் நாணல். இரண்டடி தோண்டினால் தண்ணீர் ஊறிவிடும். தறிக்குழி போட முடியாது. அதனால் சின்னக் காஞ்சிபுரத்து நெசவாளிகளுக்குப் பட்டுநூல் சுற்றிக் கொடுத்துப் பிழைத்தோம். செத்தால் புதைக்கக்கூட அக்கரைக்குத்தான் போக வேண்டும். கோடையில் மணலில் நடந்தே போய்விடுவோம். வெள்ளம் வந்தால் அக்கரையில் குடியிருந்த வீராசாமியின் தெப்பம்தான். கவிழ்த்த பானைகள் மேல் கட்டிய கயிற்றுக் கட்டில் அது. அவரோடு ஓர் ஆள்தான் ஏறலாம், குழந்தையானாலும் சரி. நோயாளி முதலில், துணைக்கு வருபவர் அடுத்த நடையில். திட்டில் யாரும் இதை மீறியதில்லை.

அந்தக் கார்த்திகையில் என் மகள் செல்லிக்கு ஜுரம். ஐந்து வயது. உடம்பு அனலாய்க் கொதித்தது. கண் செருகியது. ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் பிழைக்க மாட்டாள் என்று தெரிந்துவிட்டது. ஆறோ இரு கரையும் தொட்டு ஓடியது.

விளக்கு வைக்கும் நேரம். நல்ல மழை. கரையில் நின்று பித்தளைத் தட்டைத் தட்டினேன். டங்... டங்... அதுதான் தெப்பத்துக்கு அழைப்பு. என் மனைவி கங்கையம்மாள் அழக்கூடத் தெரியாமல் நின்றாள்.

தெப்பம் வந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால்... சத்தமே இல்லை. பானைகள் ஒன்றோடொன்று இடித்து டொக் டொக்கென்று கேட்குமே. அது இல்லை.

கொட்டுகிற மழையில் வீராசாமியின் தலைத்துண்டு காய்ந்திருந்தது.

"இன்னாண்ணா, இவ்ளோ சீக்கிரம் வந்துட்ட?"

இரண்டு கையையும் நீட்டினார்.

செல்லி என் கழுத்தை விடவில்லை. "வேணாம் நைனா..."

"அடுத்த நடையில நான் வந்துடறேம்மா." அவள் விரல்களைப் பிரித்து, கொடுத்துவிட்டேன்.

கட்டிலில் உட்காரவைத்தார். தெப்பம் துளிகூட அமிழவில்லை.

கழி ஊன்றவும் இல்லை.

தெப்பம் நகர்ந்தது...

வெள்ளத்துக்குக் குறுக்கே. நேராக.

இருட்டுக்குள்...

அடுத்த நடை வரவேயில்லை.

இரவு முழுக்கத் தட்டைத் தட்டினேன். விடியும்போது தண்ணீர் வடிந்தது. மார்பளவு நீரில் இறங்கி அக்கரைக்குப் போனேன். வீராசாமி பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா முனிரத்தினம், கொழந்தைக்கு எப்படி இருக்குது?"

"எங்கண்ணா என் செல்லி?"

அவர் முகம் வெளுத்தது.

"என்னைக் கேக்கற? தட்டு சத்தம் கேட்டு தெப்பத்தை அவுத்துக்கினு இருந்தேன். அதுக்குள்ள நீயே தண்ணியிலேர்ந்து ஏறி வந்த. தோள்ல கொழந்தை. கூப்பிட்டேன், பேசல. கரை மேல நடந்து போயிட்ட. நானும் வூட்டுக்குப் போயிட்டேன்பா."

ஆஸ்பத்திரி, ஆறு, மணல்வெளி... தேடாத இடமில்லை. செல்லி கிடைக்கவில்லை.

வீராசாமி அன்று இன்னொன்றும் சொன்னார்.

"கொழந்தை கத்திக்கினே இருந்துச்சு. 'நைனாகிட்ட போவணும், நைனாகிட்ட போவணும்'னு. உன் தோள்ல இருந்துக்கினே இன்னா இப்படி சொல்லுது, ஜுரத்துல பெனாத்துதுன்னு நெனச்சிக்கினேன்பா..."