ஸ்கோர் ஏற்றித் தருவதாக நான் பேசிய ஃபோன்கள்

டெலிகாலர் வேலைக்கு இனிமையான குரல் வேண்டும் என்பார்கள். உண்மையில் வேண்டியது திட்டு வாங்கிக்கொள்ளும் காது.

லோன் கேட்டுப் போய், "உங்க கிரெடிட் ஸ்கோர் பத்தாதுங்க" என்று பேங்க்கில் சொல்ல, முகம் சுண்டி வெளியே வந்த என் சக பாவிகளே! அந்த வாரமே ஒரு பெண் ஃபோன் பண்ணி, "ஒரே மாசத்துல ஸ்கோரை ஏத்தித் தர்றோம் சார், ஃபீஸ் மட்டும் முன்னாடியே கட்டணும்" என்றிருப்பாள். அது நானாகவும் இருந்திருக்கலாம். பி.காம் முடித்து, ஜலகண்டாபுரத்திலிருந்து தினமும் சேலத்துக்கு பஸ் ஏறி, ஒரு செருப்புக் கடை மாடியில் நாலு மாதம் இதைத்தான் பேசினேன். ஸ்கோர் எப்படி ஏறும் என்று எனக்கே தெரியாது. எழுதிக் கொடுத்ததை வாசிப்பேன்.

தறிச் சத்தத்தில் முதல் ஆள்

வெண்ணந்தூரில் நாலு தறி ஓட்டிய சின்னுசாமி அண்ணன்தான் எனக்குச் சிக்கிய முதல் ஆள். ஃபோனில் ஒரே தறி இரைச்சல். நான் தாளைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினேன். பாதியில் இருமல் வந்து பேச்சு நின்றுபோனது. அவர் தறிகளை நிறுத்திவிட்டு வந்து சொன்னார்: "ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் பேசு சாமி. நான் எங்கயும் போயிர மாட்டேன்." அன்றைக்கே ஃபீஸும் கட்டிவிட்டார்.

ரிக் வண்டிக்காரரின் கேள்வி

திருச்செங்கோட்டுக்காரர் ஒருவர், வடக்கே எங்கேயோ போர்வெல் போட்டுக்கொண்டிருந்த ரிக் வண்டிப் பக்கத்திலிருந்து பேசினார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏனுங்க, பேங்க்காரங்களே ஏத்த முடியாதத நீங்க எப்படிங்க ஏத்துவீங்க?" என்றார். கிண்டல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தாளில் அதற்குப் பதில் இல்லை. மேனேஜரிடம் ஓடினேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "கேள்வி கேக்கறவன விட்டுரும்மா. அழுவறவனப் புடி."

வெண்ணந்தூரில் ஒரு ஞாயிறு

அந்தப் பேச்சு என்னைச் சும்மா விடவில்லை. எங்கள் ஊர் பேங்க்கில் லோன் மேடத்திடம் போய்க் கேட்டேன். ரிப்போர்ட்டை வருஷத்துக்கு ஒரு முறை காசில்லாமலே பார்க்கலாம். தப்பாக ஏதாவது இருந்தால் திருத்தச் சொல்லவும் காசில்லை. உள்ளது சரி என்றால் பாக்கியைக் கட்டுவதைத் தவிர வழியில்லை என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சின்னுசாமி அண்ணன் வீட்டைத் தேடிப் போனேன். அவர் ஃபோனிலேயே ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தோம். மச்சானுக்கு ஜாமீன் போட்ட லோன் கட்டாமல் நின்றிருந்தது. "நாங்க வாங்குன ஃபீஸ்ல ஒண்ணுமே ஆகாதுண்ணா. போலீஸ்ல எழுதிக் குடுங்க, நானும் வந்து சொல்றேன்" என்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் ஃபோனை அணைத்துவிட்டுச் சொன்னார்: "பொய்யின்னு பாதி தெரியும் சாமி. ஆனா பணத்தக் கட்டுன அந்த மாசந்தான் நிம்மதியாத் தூங்குனேன்."

மேட்டூர் சரசக்கா

மறுநாள் ஆபீஸ் நம்பருக்கு மேட்டூரிலிருந்து சரசு என்ற அக்கா கூப்பிட்டார். மீன் வறுத்து விற்பவர். மகளை நர்சிங் சேர்க்க லோன் கேட்டிருக்கிறார். எப்போதோ கட்டி முடித்த மகளிர் குழுக் கடன் இன்னும் பாக்கி என்று காட்டுகிறதாம். "தோட்டை அடகு வெச்சு நாளைக்கு ஃபீஸ் கட்டிர்றேன் கண்ணு. ஃபோனுக்கு வந்த ஓடிபி நம்பரையும் சொல்லிரட்டா?"

"வேண்டாங்க்கா. பணமும் கட்டாதீங்க, அந்த நம்பரை யாருக்கும் சொல்லவும் சொல்லாதீங்க, நாங்களே கேட்டாலும்" என்றேன். மேனேஜர் பின்னால் வந்து நின்றது தெரிந்தது. ஆனாலும், கடன் தீர்ந்ததற்கான கடிதத்தை எங்கே வாங்க வேண்டும், எப்படித் திருத்தச் சொல்ல வேண்டும் என்று முழுக்கச் சொல்லி, என் சொந்த நம்பரையும் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தேன். அன்றோடு வேலை போனது, அந்த மாதச் சம்பளமும் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவரே கூப்பிட்டார். பாக்கி நீங்கிவிட்டதாம். லோன் கிடைத்து மகள் காலேஜ் போகிறாளாம். சந்தோஷத்தில் மூச்சு வாங்கப் பேசியவர், சட்டென்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "எம்பட கதையையே பேசிட்டிருக்கறேன் பாரு. உனக்கு வேற வேல கெடச்சுதா கண்ணு?"

சக பாவிகளே, கட்ட வேண்டியதைக் கட்டியும் தப்பைத் திருத்தியும்தான் ஸ்கோர் ஏறும் என்பதை இப்போது யார் கேட்டாலும் சொல்கிறேன். இதைச் சொல்ல எனக்குச் சம்பளம் கொடுக்கத்தான் இதுவரை ஒரு கம்பெனியும் முன்வரவில்லை.