கவிழாத பஸ்

போன வாரம் இரண்டு நாள் பெரம்பலூரில், ஒரு கல்யாண மண்டபத்தில் இருந்தேன். கல்யாணம் இல்லை. ஒர்க்‌ஷாப்!

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்துப் பத்திரிகை நிருபர்களுக்குப் பயிற்சி முகாம். எனக்குக் கொடுத்திருந்தது ஒரே ஒரு மணி நேரம். ‘கட்டுரை எழுதுவது எப்படி?’ என்று பேச வேண்டும். எனக்கே இன்னும் சரியாகத் தெரியாத விஷயம். ஆனாலும் ஒப்புக்கொண்டேன். இந்த ஊர்ப் பக்கம் இப்படி ஒரு பயிற்சி நடப்பது அபூர்வம்.

நிருபர் என்றதும் சினிமாவில் மைக்கை நீட்டிக்கொண்டு ஓடுகிறவர் ஞாபகத்துக்கு வருகிறாரா? அவரை மறந்துவிடுங்கள். அன்று வந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பகுதி நேர நிருபர்கள். ஒருவர் உரக்கடை வைத்திருக்கிறார். ஒருவர் எறையூரில் கரும்பு போட்டிருக்கிறார். இன்னொருவருக்கு ஸ்டூடியோ. நடுநடுவே செய்தி. பயிற்சி என்று ஒன்று எங்காவது நடந்தால் அது சென்னையில் நடக்கும், தலைமை அலுவலகத்துக்காரர்கள் போவார்கள். இவர்களுக்கு ஒரு கடுதாசிகூட வராது.

காலை டிபன் பந்தியில் என் பக்கத்து இலைக்காரர் ராமலிங்கம். அரியலூர் பக்கத்தில் கல்லங்குறிச்சி. ஒரு மாலைப் பத்திரிகைக்கு வெகுகாலமாகச் செய்தி அனுப்புகிறார். ஒல்லியாக, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பயிற்சி என்பதற்காகவே புது பேனா வாங்கிக்கொண்டு வந்திருந்தார்.

“செய்தி எப்படி எழுதணும்னு இதுவரைக்கும் ஒருத்தரும் நம்மள உக்கார வெச்சுச் சொல்லிக் குடுத்ததில்லங்க மேடம். தப்புன்னா மட்டும் போன் வரும்” என்றார்.

“பசங்க என்ன படிக்கறாங்க?”

“ஒரே பொண்ணுங்க. தமிழ்ச்செல்வி. இங்க பெரம்பலூர்லதான் காலேஜு. இன்னிக்கி மத்தியானம் பரீட்ச. என் வண்டியிலயே வந்துரும்மான்னேன். காத்துல போனா படிச்சதெல்லாம் பறந்துரும், பஸ்ஸுல படிச்சிக்கிட்டே வரேம்ப்பான்னுருச்சு!”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். மகளைப் பற்றிப் பேசும்போது அப்பாக்களுக்கு வருமே, அந்தச் சிரிப்பு.

பயிற்சி கொடுக்க வந்திருந்தவர் ரகுநாதன். சென்னையில் பெரிய பத்திரிகையில் நிருபராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். நல்ல ஆசிரியரும்கூட. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு நீங்கள் அவரைத் திட்டப் போகிறீர்கள்.

முதல் ஒரு மணி நேரம் அருமையாகப் போனது. அப்புறம் அவர் கையைத் தட்டி, “லெக்சர் போதும். இப்ப ஒரு எக்ஸர்சைஸ்!” என்றார்.

விபத்துச் செய்தி சேகரிப்பதற்கான ஒத்திகை. ஒரு பஸ் கவிழ்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் போலீஸ், ஒருவர் டாக்டர், ஒருவர் கண்டக்டர். மற்றவர்கள் இவர்களிடம் விசாரித்து, சுடச்சுடச் செய்தி எழுதிக் கொடுக்க வேண்டும்.

“ஆனா ஒண்ணு. ரியலா இருக்கணும். எக்ஸர்சைஸ்தானேன்னு யாரும் சிரிக்கக் கூடாது. இந்த ரூட்ல ஓடற ஒரு பஸ் பேரு சொல்லுங்க பாப்போம்.”

யாரோ ஒருவர் சொன்னார். அரியலூரிலிருந்து பெரம்பலூர் வரும் ஒரு தனியார் பஸ். உண்மையில் ஓடுகிற பஸ். பேரை நான் எழுதப் போவதில்லை. ஓனர் பாவம்.

ரகுநாதன் கரும்பலகையில் எழுதினார். பஸ் பெயர். ‘பாலத்தில் கவிழ்ந்தது. கல்லூரி மாணவிகள் உட்படப் பதினோரு பேர் பலி.’

சாவை இப்படிச் சாக்பீஸில் எழுதலாமா? ஆனால் ஹாலே சுறுசுறுப்பாகிவிட்டது. எழுந்தார்கள், ஓடினார்கள், கத்தினார்கள். ‘டாக்டர்’ ஆன உரக்கடைக்காரர், “எண்ணிக்கை கூடலாம்” என்றார். அழுதுவிடுவார் போலிருந்தது. அத்தனை பேருக்கும் அப்படியொரு ஆர்வம்! முதல்முறையாகக் கிடைத்த வகுப்பல்லவா?

இந்த ஒத்திகை ஆரம்பித்தபோது ராமலிங்கம் ஹாலில் இல்லை. காலையில் எழுதிய ஒரு செய்தியை ஃபேக்ஸ் செய்ய வெளியே போயிருந்தார்.

நான் கடைசி வரிசையில், வாசலை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். அவர் திரும்பி வந்ததைப் பார்த்தேன். செருப்பைக் கழற்றிக்கொண்டே ஹாலைப் பார்த்தார். எல்லாரும் ஓடுகிறார்கள். வாசலில் நின்ற இளைஞரிடம், “என்ன தம்பி, என்னாச்சு?” என்றார்.

அந்த இளைஞர் தன் பாத்திரத்தில் மூழ்கியிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: “பஸ்ஸு கவுந்துருச்சுண்ணே. காலேஜ் புள்ளைங்க. பதினோரு பேரு காலி!”

ராமலிங்கம் கரும்பலகையைப் பார்த்தார். பஸ்ஸின் பெயரைப் படித்தார்.

ஒரு மனிதனின் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அடுத்த நொடி ஆள் இல்லை.

“சார்... சார், நில்லுங்க! அது நிஜமில்ல!” என்று நான் கத்திக்கொண்டே வாசலுக்கு ஓடினேன். உள்ளே இருந்த இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. வெறுங்காலோடு அவர் பைக்கை உதைப்பதும், அது கேட்டைத் தாண்டுவதும் தெரிந்தன. அவ்வளவுதான்.

நான் உள்ளே வந்து விஷயத்தைச் சொன்னதும் ஹால் அப்படியே நின்றது.

“போன் பண்ணுங்க! யார்கிட்ட அவர் நம்பர் இருக்கு?” என்றார் ரகுநாதன்.

நாலைந்து பேர் ஒரே நேரத்தில் போட்டார்கள். மேடை ஓரத்தில் மணி அடித்தது. ஸ்விட்ச் போர்டில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது அவர் மொபைல்.

அது அடித்து ஓய்வதற்குள் ரகுநாதன் வாசலுக்கு ஓடினார்.

ரகுநாதன் வந்த வாடகைக் காரில் அவரும் நானும் ஏறினோம். டிரைவரிடம், “அரியலூர் ரோடு... வேகமா... இல்ல, பாத்துப் போப்பா” என்றார்.

அந்த ரோட்டில் போயிருக்கிறீர்களா? சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகிற லாரிகள். ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒன்றை ஒன்று முந்தும். புழுதி அடங்குவதற்குள் அடுத்தது வந்துவிடும். அதற்கு நடுவே, மகள் செத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு ஒருவர் பைக் ஓட்டிப் போகிறார். அவருக்கு லாரி கண்ணில் தெரியுமா? ஹாரன் காதில் விழுமா?

ஒவ்வொரு வளைவிலும் எனக்கு உயிர் போய் வந்தது. ரோட்டோரம் நாலு பேர் கூடி நின்றால் போதும், கண்ணை மூடிக்கொள்வேன். ஒரு இடத்தில் வெள்ளையாக ஏதோ கிடந்தது. உரச்சாக்கு.

“மேடம், அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா...” என்றார் ரகுநாதன். முடிக்கவில்லை. எல்லாம் பொய். நடக்காத விபத்து. ஆனால் அந்தப் பொய்யால் நிஜமாகவே ஒரு விபத்து நடந்துவிட்டால்?

பேரளி என்ற ஊரைத் தாண்டியதும் டிரைவர் பிரேக் போட்டார்.

முன்னால் வரிசையாக லாரிகள் நின்றன. அதற்கும் முன்னால் கூட்டம். இறங்கி ஓடினோம். ரோட்டுக்குக் குறுக்கே கோணலாக ஒரு பஸ். கரும்பலகையில் எழுதிய அதே பெயர், கண்ணாடிக்கு மேலே சிவப்பு எழுத்தில். முன் சக்கரத்துக்கு அருகே சாய்ந்து கிடந்தது ராமலிங்கத்தின் பைக்.

ரகுநாதன் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“ஏங்க, இப்படியா வந்து குறுக்க வுழுவாரு ஒரு மனுசன்? ஒரு முழம் தள்ளியிருந்தா ஏத்தியிருப்பேங்க!” என்று யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார் பஸ் டிரைவர்.

யாரிடம் கத்துகிறார்? கூட்டத்தை விலக்கிக்கொண்டு பார்த்தேன்.

ராமலிங்கம் பஸ் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். முழங்காலில் சிராய்ப்பு. வேறு காயம் இல்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்திருந்தார். இன்னொரு கையால், பக்கத்தில் நின்ற பெண்ணின் மணிக்கட்டை. பரீட்சை அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள்.

“என்னப்பா ஆச்சு? அம்மாவுக்கு ஏதாச்சுமா? சொல்லுப்பா! ஏம்ப்பா இப்படி வந்த? சொல்லித் தொல!”

அவளுக்கு என்ன தெரியும்? வீட்டில் ஏதோ நடந்துவிட்டது, அதைச் சொல்லத்தான் அப்பா இப்படி ஓடி வந்து பஸ்ஸை மறிக்கிறார் என்று நினைத்துவிட்டாள். அப்பாவின் பயம் மகளுக்கு மாறியிருந்தது.

ராமலிங்கம் கண்டக்டரைப் பார்த்துக் கேட்டார்: “எல்லாரும் இருக்காங்களா? உள்ள எல்லாரும் இருக்காங்களா?”

“இருக்காங்கண்ணே. யாருக்கு என்ன? தண்ணி குடிங்க மொதல்ல.”

நான்தான் அந்தப் பெண்ணிடம் போய், வீட்டில் ஒன்றுமில்லை, இது இப்படி, இப்படி என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. அவள் ரகுநாதனைப் பார்த்த பார்வை... அவர் வேண்டுமானால் மறக்கலாம், நான் மறக்க மாட்டேன்.

ரகுநாதன் ராமலிங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். “சார், என்னை மன்னிச்சுடுங்க” என்றார்.

“அது கெடக்கட்டுங்க. பாப்பாவுக்குப் பரீட்ச. மொதல்ல பஸ்ஸ வுடச் சொல்லுங்க” என்றார் ராமலிங்கம்.

பஸ் கிளம்பியது. பைக்கை ஒரு டீக்கடையில் நிறுத்திவிட்டு அவரை எங்கள் காரில் ஏற்றிக்கொண்டோம். பிறகு, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்.

“எத்தனையோ ஆக்சிடென்ட்டு பாத்துருக்கேங்க மேடம். செத்தவங்க வூட்டுக்குப் போவேன். வாசல்ல நின்னு மொத வார்த்த, ‘போட்டோ இருக்குதாங்களா?’ன்னுதான் கேப்பேன். அவசரம். பேப்பருக்கு டைம் ஆவுமில்ல... இன்னிக்கி ரோட்டுல போவும்போது, எங்க வூட்டு வாசல்ல எவனாச்சும் வந்து நின்னு அதக் கேக்கற மாதிரியே இருந்துச்சு. பாப்பா போட்டோ எங்க இருக்குன்னு என் மனசு தேடிச்சுங்க. நிஜமாவே தேடிச்சு.”

ரகுநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அப்போது அவருடைய மொபைல் அடித்தது. முகாமை ஏற்பாடு செய்தவர். குரல் எனக்கே கேட்டது. “சார், நேரா ஜி.ஹெச்சுக்கு வாங்க! இங்க ஒரே கூட்டம்!”

முகாமில் ஆர்வக்கோளாறு பிடித்த ஒருவர், எக்ஸர்சைஸ் தொடங்கியதுமே நிஜ ஆஸ்பத்திரிக்கே போன் போட்டு, “பஸ் ஆக்சிடென்ட்ல எத்தன பேரு வந்துருக்காங்க?” என்று கேட்டிருக்கிறார். ஒத்திகை என்று சொல்ல மறந்துவிட்டார். அங்கே யார் காதிலோ விழுந்திருக்கிறது. அங்கிருந்து டீக்கடை. டீக்கடையிலிருந்து பஸ் ஸ்டாண்டு. நாங்கள் போனபோது ஆஸ்பத்திரி கேட்டில் ஒரு ஊரே நின்றது.

தலைவாரிக்கொண்டிருந்த சீப்போடு ஒரு அம்மா. சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஒருவர். காரைப் பார்த்ததும் ஓடி வந்தார்கள்.

“பேப்பர்காரங்கதானே? எம் மவ பேரு இருக்குதா சார்? மகேஸ்வரி சார்! பேரு இருக்குதான்னு மட்டும் சொல்லு சார்!”

ரகுநாதன் இறங்கினார். பெரிய பெரிய மந்திரிகளைக் கேள்வி கேட்ட மனிதர். “பயப்படாதீங்க. விபத்து எதுவும் நடக்கல. அது... ஒரு பயிற்சி...”

“பயிற்சியா?”

அப்புறம் இரைச்சல். “எவன்டா அவன்?” “புள்ளைங்க உசுரு ஒனக்கு வெளையாட்டா?” ஒரு கை அவர் சட்டைக் காலரைப் பிடித்தது. இன்னொரு கை ஓங்கியது. நான் காருக்குள் ஒடுங்கிக்கொண்டேன். சிலர் அவர் சொன்னதை நம்பவே இல்லை. “மறைக்கிறாங்கய்யா! பொணத்த மறைக்கிறாங்க!” என்று ஒரு குரல். அதற்கு மேல் அந்த இடத்தில் என்ன வேண்டுமானாலும் நடந்திருக்கும்.

ராமலிங்கம் மறுபக்கக் கதவைத் திறந்து இறங்கினார். வெறுங்கால். கிழிந்த பேன்ட். புழுதி படிந்த சட்டை. ரகுநாதனுக்கு முன்னால் போய் நின்று, ஓங்கிய கையைப் பிடித்தார். அந்த ஆளுக்கு இவரைத் தெரிந்திருக்கிறது. “ராமலிங்கண்ணே, நீங்களா?” என்றார்.

“நாந்தாம்ப்பா. கொஞ்சம் கேளுங்க! எல்லாரும் கேளுங்க! எம் பொண்ணும் அந்த பஸ்ஸுலதான் வந்துச்சு. அது செத்துப்போச்சுன்னுதான் நானும் ஓடுனேன். பஸ்ஸ மறிச்சி ஏறிப் பாத்துட்டு வரேன். ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல. இப்ப பஸ் ஸ்டாண்டுக்கு வந்துரும், போயி பாருங்க.”

சீப்பு வைத்திருந்த அம்மா அவர் முகத்தையே பார்த்தாள். “சத்தியமாவா?”

“எம் பொண்ணு மேல சத்தியங்க.”

அந்த அம்மா திரும்பி ஓட ஆரம்பித்தாள். பின்னாலேயே எல்லாரும். கொஞ்ச நேரத்தில் கேட்டில் நாங்கள் மட்டும் நின்றோம். ரகுநாதன் காலர் பட்டன் இல்லாமல், காரைப் பிடித்துக்கொண்டு.

மறுநாள் வகுப்பு நடந்தது. நானும் என்னுடைய ஒரு மணி நேரத்தைப் பேசி முடித்தேன். ராமலிங்கம் வந்தார். முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். எனக்குத்தான் யாருடைய மொபைல் அடித்தாலும் தூக்கிவாரிப் போட்டது.

பயிற்சி வேண்டும், கட்டாயம் வேண்டும். இந்த மாதிரி ஊர்களுக்குத்தான் முதலில் வேண்டும். ஆனால் சொல்லிக்கொடுக்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறோம். நமக்கு உதாரணமாக இருக்கிற பஸ்ஸில், யாரோ ஒருவருடைய மகள் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

இரண்டு நாள் முகாம். எத்தனையோ செய்திகள் எழுதினார்கள், திருத்தினார்கள், கைதட்டினார்கள். நேரில் போய், கண்ணால் பார்த்து, சரிபார்த்துச் சொல்லப்பட்ட செய்தி என்னவோ... அந்த ஆஸ்பத்திரி வாசலில் சொன்னது ஒன்றுதான்!